அளந்து பார்க்கக் கூடாத படம்

நடந்தவை வரிசைப்படி:

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாதுங்கா விடுதியில் என் அறையில் இருந்தவள் கோயிலுக்கு வரவில்லை என்றாள்.
2. கடவுள் நமக்கு அப்பா மாதிரி, கோபித்துக்கொண்டு இருக்காதே, வா என்றேன்.
3. அவள் பதில் சொன்னாள்.
4. புதன்கிழமை பெட்டியைக் கட்டிக்கொண்டு தேவ்நாரில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்றாவதை ஒரே வரியில் எழுதியது சரியில்லை. அவள் சொன்னது இது:

"எங்கப்பா போன மாசம் தாதர் டேசன்ல என்னயப் பாத்தாவக்கா. நல்லாப் பாத்தாவ. பொறவு பேப்பர விரிச்சு மூஞ்சிய மறைச்சிக்கிட்டாவ. ஒங்க சாமியும் அப்படித்தானா?"

அவளுடைய அப்பா தாராவி வீட்டை விட்டுப் போய் ஆண்டாப் ஹில்லில் வேறு குடும்பம் வைத்திருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். ஆறு மாதம் ஒரே அறையில் இருந்தும் நான் கேட்டதில்லை. நல்ல அப்பா மாதிரி என்று திருத்திச் சொன்னேன்.

"நல்ல அப்பா எப்படி இருப்பாவன்னு நான் எங்க கண்டேன்? நீங்கதான் படம் வரையிறவுகளாச்சே. வரைஞ்சு காட்டுங்க."

நான் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருக்கிறேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். தமிழும் நான் ஒருத்திதான். நாள் முழுக்க மௌனமாகக் கோடு இழுத்துவிட்டு வந்து அவளிடம்தான் பேசுவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ப்ளூப்ரிண்ட் நகல் ஒன்றில் ஓர் அளவு விட்டுப்போயிருந்தது. ஸ்கேலை வைத்து அளந்து எழுதிக் கொடுத்தேன். அதை வைத்து இரும்பில் போட்ட துளை தப்பான இடத்தில் விழுந்தது. நகல் எடுத்ததும் தண்ணீரில் கழுவுவார்கள்; காயும்போது அந்தக் காகிதம் சுருங்கும். அதனால்தான் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் 'இதை அளந்து பார்க்க வேண்டாம்' என்று எழுதுகிறோம். படம் பொய்யில்லை. எது எதோடு சேரும் என்று அது சரியாகவே காட்டும். ஸ்கேலை மட்டும் அதன் மேல் வைக்கக் கூடாது.

அவள் போன மறுநாள், மூலையில் அந்த வரியை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் என் பிழை தெரிந்தது. அப்பா என்ற படத்தை அவளிடம் கொடுத்தேன், இந்த வரியை எழுதாமல். அவள் தன்னிடம் இருந்த ஒரே ஸ்கேலால் அளந்தாள். நானும் அளந்துதான் வைத்திருந்தேன். என் அப்பா சனிக்கிழமைதோறும் கடிதம் போடுகிறவர். என் கடவுளும் ஏறக்குறைய அப்படித்தான், தவறாமல் விசாரிக்கிறவர்.

இதையெல்லாம் ஓர் அஞ்சலட்டையில் நுணுக்கி எழுதினேன். நாம் கடவுளிடமிருந்து வந்தவர்கள் என்பதற்கு மட்டும்தான் அப்பா என்ற சொல், மீதியை உன் அப்பாவை வைத்தும் பார்க்காதே, என் அப்பாவை வைத்தும் பார்க்காதே என்று. கடைசியில், அன்றைக்கு உன்னைக் கேட்காமல் பேசியது தப்பு என்றும் எழுதினேன்.

அட்டை போட்டு மூன்று வாரம் ஆகிறது. பதில் இல்லை. கோயிலுக்குத் தனியாகப் போகிறேன். அங்கே இன்னும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். வேறு சொல் கிடைக்கவில்லை. அவள் கட்டிலுக்கு வேறு ஆள் சேர்க்கலாமா என்று விடுதி அம்மாள் கேட்டார். மாதக் கடைசிவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.