நண்டுக்கு ஒரு ஸ்பூன்

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது இவ்வளவுதான்:

1. சங்கரன்கோவிலில் இருந்து அப்பா, அம்மா, அண்ணன் சங்கர், நான் - நான்கு பேரும் காரில் கிளம்பி, திருச்செந்தூர் தாண்டி ஒரு கடற்கரைக்குப் போனோம்.

2. மணலில் ஓலைக்கூரை போட்ட ஒரு மீன் ஹோட்டலில், அண்ணன் கட்டிக்கொள்ள விரும்பும் வள்ளியையும் அவள் அப்பா, அம்மாவையும் சந்தித்தோம்.

3. சோறு, மீன் குழம்பு, நண்டு மசாலா சொன்னோம்.

4. அப்பா ஸ்பூன் கேட்டார்.

இந்த நான்காவதுதான் விஷயம். பாயசத்தைக்கூட இலையில் ஊற்றச் சொல்லி வழித்துச் சாப்பிடுகிற மனிதர் அவர். அவருக்கு எதற்கு ஸ்பூன்?

சம்பந்தம் பேசப் போன இடத்தில், முடிவாகும் வரை கை நனைக்கக் கூடாது... உங்களுக்கும் தெரிந்த வழக்கம்தான். காபி குடிக்கலாம். கேசரி சாப்பிடலாம். சோற்றில் கை வைத்தால் மட்டும் சம்மதம் என்று அர்த்தம்.

அண்ணனும் வள்ளியும் கோவையில் ஒரே ஆபீஸ். தரகர் இல்லை, ஜாதகம் இல்லை, அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். அப்பாவுக்கு வள்ளி மேல் ஒரு குறையும் இல்லை. "எல்லாம் முடிச்சுட்டு எங்கிட்ட என்னத்துக்குக் கேக்குதிய?" - இதுதான் அவருடைய உறுத்தல். அவர் சரி சொல்லாமல் கல்யாணம் இல்லை என்று அண்ணனும் சொல்லிவிட்டான். கடைசியில், "பாக்க வாரேன். கை நனைக்க மாட்டேன்" என்ற நிபந்தனையோடு அப்பா காரில் ஏறினார்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். விதி என்று ஒன்று இருந்தால் அதில் ஓட்டை தேடுவது என் பிழைப்பு. வழியிலேயே ஆரம்பித்தேன்.

"ஹோட்டல்ல சாப்பிட்டா கணக்கு உண்டாப்பா?"

"யாரு கூட உக்காந்து திங்கோம்ங்கதுதான் கணக்கு."

"ஐஸ்க்ரீம்?"

"அது கணக்குல வராது."

"பரோட்டா?"

கொஞ்சம் யோசித்தார். "வெறுமன பிச்சுத் தின்னா வராது. சால்னா ஊத்திட்டா வரும். பேசாம வாட்டி."

இவ்வளவு தெளிவான விதிமுறை எங்கள் ஆபீஸில் எந்த ப்ராஜெக்ட்டுக்கும் கிடையாது.

ஹோட்டலில் அப்பா ஸ்பூனால் குழம்புச் சோறு சாப்பிட்டார். எதிரே வள்ளியின் அப்பாவும் ஸ்பூன்தான். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர், நாகரிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவும் நானும் ஏற்கெனவே மணிக்கட்டு வரை நனைத்திருந்தோம் - பெண்கள் கை கணக்கில் வராது போல. அண்ணன் எதையும் தொடவில்லை. அப்பாவின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நண்டு வந்தது.

பரிமாறியவர் அப்பாவின் கையைப் பார்த்தார். "நண்டுக்கு ஸ்பூனா அண்ணாச்சி? சுத்தியல் வேணும்னா தாரேன்."

அப்பா அசரவில்லை. ஸ்பூனை நண்டுக்காலின் மேல் வைத்து அழுத்தினார். கால் வழுக்கிப் பறந்து வள்ளியின் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. வள்ளி எடுத்தாள். பல்லால் கடிக்காமல், டம்ளரின் அடியால் ஒரு தட்டு. மேல் ஓட்டை நீக்கி, சதையை அப்பாவின் தட்டில் வைத்தாள்.

"நீங்க கை நனைக்காண்டாம் மாமா. நான் உடைச்சுத் தாரேன், ஸ்பூன்லயே சாப்பிடுங்க. முடிவ பொறவு சொல்லுங்க."

அப்பா அண்ணன் பக்கம் திரும்பினார். "ஏலே, இதையும் சொல்லி வச்சிருக்கியாலே?"

"அவுக சொல்லல மாமா. எங்கப்பாவும் ஸ்பூனத்தான பிடிச்சிட்டு இருக்காவ."

எல்லோரும் வள்ளியின் அப்பாவைப் பார்த்தோம். வாய்க்குப் போன ஸ்பூன் பாதியில் நின்றது.

"மொதல்ல நீங்க கை வைக்கட்டும்னு இருந்தேன் அண்ணாச்சி," என்றார். "எங்கிட்டயும் எல்லாம் முடிச்சுட்டுத்தான் சொன்னாவ. ஒரு வார்த்த முன்ன கேக்கல."

"உங்ககிட்டயும் கேக்கலயா?"

"கேக்கல."

அப்பாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. கோபம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன் - கோபத்துக்குத் துணை கிடைத்துவிட்டது. அப்பாக்களுக்குப் பல நேரம் அது போதும், இல்லையா?

"அப்பம் நாம ஒரே கட்சி," என்றார் அப்பா. ஸ்பூனைக் கீழே வைத்தார். நண்டுக் குழம்பைச் சோற்றில் ஊற்றி, ஐந்து விரலும் முழுக, நிதானமாகப் பிசைந்தார். எதிர் ஸ்பூனும் கீழே போனது. அதன் பிறகு இரண்டு பேரும் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே நண்டை முடித்தார்கள்.

இப்போதைய நிலவரம்: சம்பந்தம் முடிவாகிவிட்டது. ஆவணியில் நிச்சயதார்த்தம். பதற்றத்திலேயே இருந்து, அன்று கை நனைக்காமல் எழுந்த ஒரே ஆள் - மாப்பிள்ளை.