குலுக்கலில் விழுந்த கூடாரம்

வேல்விழி பதினேழு வயதில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவள். இப்போது முப்பத்தாறு. மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்து ஒதுக்கும் வேலை. அவள் கணவன் மாரிச்செல்வம் வேறொரு கம்பெனியில் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டினான். பெரும்பாலும் இரவு ஷிப்ட். அவள் காலையில் கிளம்பும்போது அவன் வந்து படுப்பான். அவள் திரும்பும்போது அவன் போயிருப்பான். பதின்மூன்று வருஷம் இப்படியே போனது.

குடி இல்லை, அடி இல்லை. குழந்தை இல்லை. அதைப் பற்றி முதல் ஐந்து வருஷம் பேசினார்கள், பிறகு பேசவில்லை. அதற்கப்புறம் எதைப் பற்றியும் பேசவில்லை. அவள் சோறு மூடி வைத்துவிட்டுப் போவாள். அவன் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பான். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிந்துவிடலாமா என்று அவள்தான் கேட்டாள். அவன் சரி என்றான். வக்கீலைப் பார்க்க இருவரும் ஒரே பைக்கில் போனார்கள். காரணம் என்ன என்று அவர் கேட்டபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனு போட்டாயிற்று. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னது கோர்ட். அதுவரை அதே வீட்டில் இருப்பது, யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு.

அந்த ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் குலுக்கல் வைத்தார்கள். முதல் பரிசு, கணவன் மனைவியாக மலையடிவாரத்தில் இரண்டு நாள் கூடாரத்தில் தங்கல், மலையேற்றம். சீட்டு வேல்விழிக்கு விழுந்தது. மேடையில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். கூட வேலை பார்க்கும் பெண்கள் கேலி செய்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் ஏன் என்று கேட்பார்களே. பரிசுத் தாளைச் சோற்றுப் பாத்திரத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். மறுநாள் காலை வேலையிலிருந்து வந்த மாரிச்செல்வம், செருப்பைக் கழற்றிக்கொண்டே, தாளில் போட்டிருந்த சனி ஞாயிறுக்கு லீவு சொல்லியிருப்பதாகச் சொன்னான். போய்விட்டு வந்துவிடுவோம், அதுதான் சுலபம் என்றான்.

உடுமலைக்குப் பஸ், அங்கிருந்து கேம்ப் வேன். கொமரலிங்கம் தாண்டி, மலை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு தென்னந்தோப்பு. அதில் வரிசையாக நீலக் கூடாரங்கள். மற்ற மூன்று ஜோடிகளும் கோயமுத்தூர்க்காரர்கள், கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டாதவர்கள். சாயங்காலம் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டார்கள். மாரிச்செல்வம் பதின்மூன்று என்றதும் கைதட்டல். சண்டை இல்லாமல் எப்படி என்று ஒரு பெண் கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும் வேற வேற ஷிப்டும்மா," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். வேல்விழியும் சிரித்து வைத்தாள். கூடாரத்தில் அவள் ஒரு ஓரம், அவன் ஒரு ஓரம். அவள் நன்றாகவே தூங்கினாள்.

காலையில் மலையேற்றம். வழிகாட்டியாக வந்த கருப்புசாமி அந்தப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். ஒன்றரை மணி நேரம் ஏறியபின் சட்டென்று நின்று கையை உயர்த்தினார். பாதையில் ஆவி பறக்க யானைச் சாணம் கிடந்தது.

"யாரும் பேசாதீங்க. பக்கத்துலதான் குட்டியோட நிக்குது. அப்படியே உக்காந்துக்குங்க," என்று மெல்லச் சொன்னார்.

ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். கீழே ஓடையில் யானை வந்து நின்றது. காதை ஆட்டுவதுகூடத் தெரிந்தது. குட்டி அதன் கால்களுக்கு நடுவே புகுந்து புகுந்து வந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் அது நகரவில்லை. ஒரு பெண் சத்தம் வராமலிருக்கப் புருஷன் சட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு ஜோடி ஒருவரையொருவர் இறுக்கிக்கொண்டு நடுங்கியது. வேல்விழி அவர்களையெல்லாம் பார்த்தாள். அவளுக்கும் மாரிச்செல்வத்துக்கும் நடுவில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. தனக்கும் பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. முழங்காலில் ஊர்ந்த எறும்பைத் தட்டிவிட்டாள்.

யானை மெதுவாக மேற்கே ஏறிப் போனது. கருப்புசாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டு இவர்களிடம் வந்தார்.

"ஏனுங்க, நீங்க ரெண்டு பேருந்தான் அசையாம இருந்தீங்க. நல்ல மனதைரியமுங்க உங்களுக்கு."

மாரிச்செல்வம் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பையில் வைத்தான்.

இறங்கும்போது மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். மாரிச்செல்வம்தான் பேச்செடுத்தான்.

"விழி, அது நம்ம பக்கம் திரும்பியிருந்தா நான் ஓடியிருப்பேன். உன்னையக் கூப்பிட்டிருப்பேனான்னு தெரியல."

அவள் சொன்னாள்: "எனக்கும் தெரியலங்க."

"கோவமா இருக்கா?"

"இல்ல. கோவம் வந்தா நல்லாருக்கும்."

வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்தார்கள். கல்யாணமான முதல் வருஷம், வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் அவள் கம்பெனி எதிரே டீக்கடையில் நின்று, அவள் உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் வருவது வழக்கம் என்று அவன் சொன்னான். அவளுக்கு அது தெரியாது. அவனோடு ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கலாமென்று தானும் ஒருமுறை இரவு வேலை கேட்டதாகவும், பெண்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டதாகவும் அவள் சொன்னாள். அது அவனுக்குத் தெரியாது. இருவரும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்கள். கீழிருந்து கருப்புசாமி கூப்பிட்டார். எழுந்து போனார்கள்.

மாசியில் கோர்ட்டில் பெயர் கூப்பிட்டார்கள். நீதிபதி கேட்டதற்கு இருவரும் சம்மதம் என்றார்கள். வெளியே வந்து டீ குடித்தார்கள். மங்கலத்தில் ஒரு நண்பனோடு அறை எடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டு அவன் போனான். கம்பெனியில் விஷயம் தெரிந்தபோது, பிறகு எதற்கு ரெண்டு பேரும் மலைக்குப் போனீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். பரிசு விழுந்தது, போனோம் என்றாள் வேல்விழி.

வைகாசியில் ஒருநாள், வேலை மும்முரத்தில், அவளுக்குக் கண்ணீர் வந்தது. எதை நினைத்து என்று அவளுக்கே தெரியவில்லை. சூப்பர்வைசர் உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை, பஞ்சுத் தூசி என்றாள் வேல்விழி. முகம் கழுவிவிட்டு வந்தபோது சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. எலுமிச்சைச் சோறு கொண்டு வந்திருந்தாள். உட்கார்ந்து சாப்பிட்டாள்.