போட்டாதாங் கொடிக்கு வாரிசு

செலின் டீச்சர் சரித்திரம் எடுக்க ஆரம்பித்தால் வகுப்பில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. ரங்கூனில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம், ஆறாம் வகுப்புப் பெண்கள். எட்டாம் ஹென்றி ஆண் வாரிசுக்காகத் தலைகீழாக நின்றதையும், கடைசியில் அவன் சிம்மாசனத்தில் பெண்மக்கள் இரண்டு பேர் ஒருத்தி பின் ஒருத்தியாக உட்கார்ந்ததையும் சொல்லும்போது, சொந்த அத்தைமார் கதையைச் சொல்வதுபோல் அவள் குரலில் ஒரு மிடுக்கு ஏறிவிடும்.

1926-ல் அந்த வழக்கு அவள் வீட்டுக்கே வந்தது.

போட்டாதாங் மாதா கோயிலில் திருவிழாக் கொடியேற்றும் உரிமை அவள் குடும்பத்துடையது. கொடிமரம் ஊன்றியவர் படகுத்துறையில் மூட்டை தூக்கிய அவள் தாத்தா. அவருக்குப்பின் மூத்த மகன் ஜெபதாஸ், செலினின் அப்பா. மழை தொடங்கிய மாதத்தில் அவர் கண்ணை மூடினார். செலின் ஒரே மகள், கல்யாணமும் ஆகாதவள். சித்தப்பா மகன் அகஸ்டின், கொடி இனி தன் கைக்குத்தான் என்று புதுச் சட்டைக்கே துணி எடுத்துவிட்டான்.

அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிய பிறகு கயிற்றை அவரோடு சேர்ந்து இழுத்தவள் செலின்தான். அப்போது யாரும் வாய் திறக்கவில்லை. அவர் போனதும் அவள் வெறும் பொம்பளையாகிவிட்டாள். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

ஞாயிறு பூசை முடிந்து சபை கூடியது. கோயில் நாட்டாமை ராஜரத்தினம் தொண்டையைச் செருமினார். "பொம்பளை கொடியேத்தின வழக்கம் உண்டாம்மா?"

"எலிசபெத் ராணி இங்கிலாந்தையே ஆண்டா, மாமா. நான் ஒரு கயித்தை இழுக்கக்கூடாதா?"

அங்கேதான் சறுக்கினாள்.

"யாரு, போப்பாண்டவரையே வேண்டாம்னு சொன்னவளா? மாதா கோயில்ல நின்னுக்கிட்டு அவ பேரையா எடுக்கிற?" என்றார் நாட்டாமை. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அகஸ்டின் சிரிப்புத்தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது.

செலினுக்குக் காது சுட்டது. பாடப்புத்தகத்தில் எலிசபெத்துக்குத்தான் பெரிய இடம். நம் சபையில் யார் பெயரை எடுக்கலாம் என்று யோசிக்க வேண்டாமா! ஆனாலும் அவள் உட்காரவில்லை.

"சரி, தங்கச்சி எலிசபெத் வேண்டாம். அக்கா மேரி போப்பாண்டவரை விடாத நம்ம வேதக்காரிதானே? அவளுக்குப் பட்டம் கிடையாதுன்னு, ராஜாவா இருந்த தம்பி எழுதி வச்சிட்டுச் செத்தான். பெரிய மனுசங்க கூடி வேற ஒருத்தியை உக்கார வச்சாங்க. மேரி ஓடி ஒளியல. எங்கப்பன் சிம்மாசனம்னு நின்னா. சனமெல்லாம் அவ பின்னால வந்துச்சு."

மேரி ராணி ஆட்களை உயிரோடு கொளுத்தியதை அவள் அங்கே எடுக்கவில்லை. அதெல்லாம் ஆறாம் வகுப்புக்கு மட்டும்.

பெண்கள் பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. "டீச்சரம்மா சொல்றது நியாயந்தானே?" என்றது ஒரு குரல். நாட்டாமை விடுவாரா?

"உனக்கப்புறம் யாரு? பிள்ளை இல்லாதவ கையில குடுத்துட்டு, நாளைக்கு நாங்க அடிச்சுக்கிறதா?"

மந்திரிமார் எவ்வளவு கெஞ்சியும் எலிசபெத் ராணி பிடிகொடுக்காத கேள்வி இது. கடைசியில், எந்தப் பகையாளி ராணியின் தலையை அவள் வெட்டச் சொன்னாளோ, அந்த ராணியின் மகனே வந்து பட்டம் சூடினான். செலினுக்கு அதெல்லாம் மனப்பாடம். அவள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"அகஸ்டின் அண்ணன் மக மக்தலேனா. எனக்கப்புறம் கொடி அவளுக்கு."

அகஸ்டினுக்கு அது ஒரே குழந்தை. தாய் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. பெண்ணுக்குக் கொடி இல்லையென்றால் அவன் மகளுக்கும் இல்லை. கூட்டமே அவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் மனைவி பார்த்த பார்வைதான் எல்லாவற்றையும்விடக் கூர்மையாக இருந்தது.

அகஸ்டின் மெல்ல எழுந்தான். "தங்கச்சியே ஏத்தட்டும், மாமா."

கொடியேற்றத்தன்று தூறல் போட்டது. செலின் தனியாகக் கயிற்றை இழுத்தாள்; கை நடுங்கவில்லை. அப்பா பார்க்கவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. மறுகணம் கொடி உச்சியில் விரிந்தது, வெடி முழங்கியது, அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

கூட்டத்துக்கு நடுவே அகஸ்டின் மகளைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான்.

"பாத்துக்கடி," என்று கத்தினான், "அது உன் கொடி!"