மகளுக்குப் பிழிந்து கொடுத்த வெந்நீர்த் துணி

மனைவி காய்ச்சலில் இறந்த மறு வருடம் அது. மகள் ஒன்பதாம் வகுப்பு. போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுகிறேன். ஒருநாள் மதியம் வீட்டுக்கு வந்தால், பள்ளிக்கூட உடுப்போடு தரையில் சுருண்டு கிடந்தாள்.

"என்னாத்தா, காய்ச்சலா?"

"வயித்து வலிப்பா. நீங்க போங்க."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டதில்தான் மாதவிலக்கு என்று விளங்கியது. அவளுக்குச் சடங்கு வைத்தபோது சொந்தக்காரப் பெண்கள் கூடிச் சீர் செய்தார்கள், போட்டோ எடுத்தார்கள். வலித்தால் என்ன செய்வதென்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஜீப்பில் போடிமெட்டு மலை ஏறும்போது, முன்சீட்டில் இருந்த பெண்ணிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவள் என் மனைவியோடு ஒரே தோட்டத்தில் ஏலக்காய் எடுத்தவள்.

"இதக் கேக்கவா அண்ணே இம்புட்டு யோசன? சுக்கத் தட்டி, கருப்பட்டி போட்டுக் கொதிக்க வச்சுக் குடுங்க. வெந்நியில துணிய முக்கிப் பிழிஞ்சு அடிவயித்துல ஒத்தடம் வைக்கச் சொல்லுங்க. சூட்ட மொதல்ல ஒங்க கையில பாத்துக்கங்க."

ஒரு வளைவு கடந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"மதினிக்கும் அப்படித்தான் வலிக்கும். அந்த நாள்ல நிக்க முடியாம செடிக்கடியில உக்காந்துருவாங்க. ஒங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

அடுத்த மாதம் வலி வந்த அன்று டிரிப்பை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். துணியைப் பிழிந்து மகள் கையில் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். "இன்னும் கொஞ்சம் சூடா குடுங்கப்பா" என்றாள். இரண்டாம் துணிக்குப் பிறகு முனகல் நின்றது. சுக்குக் காப்பியை முகம் சுளித்துக்கொண்டே குடித்தாள்.

சில மாதங்களில் இதற்கும் வலி அடங்கவில்லை. போடியில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஸ்கேனில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை என்றார். வலி தொடங்கியதும் போட மாத்திரை எழுதிக் கொடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். அதன்பின் அவள் அந்த நாட்களிலும் பள்ளிக்கூடம் போனாள்.

இப்போது மதுரையில் காலேஜ் படிக்கிறாள். போன லீவில் வந்தபோது கேட்டாள்.

"அம்மாவுக்கும் இப்படி வலிக்குமாப்பா?"

"வலிச்சிருக்கு."

"அப்ப நீங்க என்ன செய்வீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "அடுப்புக்கிட்ட முழங்கால மடக்கிப் படுத்திருப்பா. எதுக்குன்னு கேட்டதில்ல. ஏன் இன்னும் சோறு ஆகலன்னு சத்தம் போடுவேன். செவத்தப் பிடிச்சு எந்திரிச்சு ஆக்கிப் போடுவா. நான் சாப்ட்டுப் போயிருவேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுவது வெளியே கேட்டது.