பின்சுவரில் ஒரு வழி

இது கட்டிவிட்ட கதை இல்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஜோசப்பின் பட்ட பாடு ஜோசப்பினுக்குத்தான் தெரியும்.

நாற்பத்திரண்டாம் வருஷம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்து ஜனம் மூட்டை முடிச்சோடு ஓடிவந்த சமயம். செஞ்சிக்கும் வந்தார்கள். கேட்ட வாடகையைக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? தையல்காரன் பிலவேந்திரனையும் அவன் மனைவி ஜோசப்பினையும் உடனே காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய், மூன்றாவதாக நின்ற கரு.

"இதாவது நம்ம சொந்த வூட்ல பொறக்கணுங்க" என்று அழுதாள்.

தரகன் ராஜாங்கம் ஊர்க்கோடியெல்லாம் இழுத்தடித்தான். அங்கே ஒரு வீடு மாதிரி இன்னொரு வீடு இருக்காது. கோட்டைக் கல்லில் அஸ்திவாரம் போட்டு அப்படியே நின்றுபோனது ஒன்று. பாதி கூரை, பாதி ஓடு ஒன்று. மாடு கட்டியிருந்த மாடிவீடு ஒன்று. கடைசியில் ரோட்டோரம் ஓர் ஓட்டுவீடு. கொள்ளை மலிவு.

"இன்னாத்துக்கு இவ்ளோ கம்மியா தர்றாங்க?"

"வெளியூரு போறாங்கண்ணே. நீங்க வேற, நோண்டி நோண்டி கேட்டுக்கிட்டு..."

வாங்கிவிட்டார்கள். மாதா கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் உச்சிவேளை. பிலவேந்திரன் கடையில். ஜோசப்பின் தனியாகப் படுத்திருந்தாள்.

சரக்... சரக்...

வெளியே யாரோ சுவரைத் தடவிக்கொண்டே நடக்கிற சத்தம். ஆடு முதுகு தேய்க்கிறது என்று நினைத்தாள். சத்தம் பக்கச்சுவரைத் தாண்டி முன்பக்கம் வந்தது. தெருக்கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. வாசலில் யாரும் இல்லை. சத்தம் மட்டும் வாசலைக் கடந்து அடுத்த சுவருக்குப் போயிற்று.

தினமும் அதே உச்சிவேளை. தினமும் வாசலைக் கடந்துதான் போயிற்று. ஆடாக இருந்தால் ஒரு நாளாவது உள்ளே தலையை நீட்டாதா?

கிணறு வீட்டுக்குப் பின்னால். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் குடத்தோடு சுற்றிச் சுற்றிப் போவதைப் பார்க்கப் பிலவேந்திரனுக்குப் பொறுக்கவில்லை. பின் அறைச் சுவரில் ஓரிடத்தில் மட்டும் பூச்சு புதிதாக இருந்தது. பழைய கதவை யாரோ அடைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கடப்பாரையைப் போட்டான். பொலபொலவென்று உதிர்ந்தது.

"பாத்தியா, கஷ்டப்படாம வழி வந்துடுச்சி!" என்றான் சந்தோஷமாக. அட பாவி மனுஷா!

மறுநாள் உச்சிவேளை.

சரக்... சரக்...

பக்கச்சுவர். வாசல். அடுத்த சுவர். பின்பக்கம்...

நின்றது.

ஜோசப்பின் எழுந்து உட்கார்ந்தாள்.

சரக்...

இப்போது சத்தம் வீட்டுக்குள்.

குப்பென்று மஞ்சள் வாசனை.

வயிற்றுப் பிள்ளை ஒரு துள்ளு துள்ளியது... அப்புறம் அசையவே இல்லை.

"மாதாவே!" என்று அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தாள். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு ஓடிவந்து பின் அறையை எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் வாயில் அடித்துக்கொண்டாள்.

"அய்யய்யோ, இத்த யாரு தொறந்தது? கெட்ட நட்சத்திரத்துல செத்தவங்கள நாங்க வாசல் வழியா எடுக்கமாட்டோம்டி. செவுத்த இடிச்சி எடுத்து, ஒடனே அடைச்சிடுவோம். திரும்பி வந்தா வழி தெரியக் கூடாதில்ல? இந்த வூட்ட ஒங்களுக்கு வித்தவன் பொண்டாட்டி... புள்ளத்தாச்சி. வயித்துப் புள்ளயோட போயிட்டா."

வேதக்காரர்களுக்கு இந்த வழக்கமெல்லாம் எங்கே தெரியும்? தெரிந்த தரகன் வாயைத் திறக்கவில்லை.

பிலவேந்திரன் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். பொழுது சாய்வதற்குள் தன் கையாலேயே கல்லை அடுக்கி, மண் அப்பி, சுவரை அடைத்தான்.

"அடைச்சாச்சி. இனிமே பயமில்ல."

ஜோசப்பின் அந்தச் சுவரையே பார்த்தாள். "அது உள்ள வந்த பொறவு அடைச்சிட்டீங்களே..."

சரக்... சரக்... சரக்...

பின் அறைக்குள். வேகமாக. வழி தேடுகிறது.

அந்த நிமிஷமே வல்லத்தில் இருந்த அவள் தாய்வீட்டுக்கு வண்டி கட்டினார்கள். ஜோசப்பின் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவாசலைத் தாண்டினாள். வண்டி கொஞ்ச தூரம் போனதும் பிள்ளை மறுபடியும் அசைந்தது. சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது. அந்த வீட்டைப் பட்டணத்துக் குடும்பம் ஒன்று வாங்கிக்கொண்டது.

குழந்தையைப் பார்க்க அம்மாக்கண்ணு வல்லத்துக்கு வந்தாள்.

"அவங்களுக்கு அந்தச் சத்தம் கேக்குதாமாக்கா?" என்று கேட்டாள் ஜோசப்பின்.

"ஒன்னும் இல்லியாம். அந்த ரூம்லதான் படுத்துத் தூங்குறாங்க. வூட்ல அது இல்லடி."

"அப்ப வெளிய போயிடுச்சா?"

"எப்பிடிப் போவும்? செவுரு அடைச்சது அடைச்சபடி இருக்குது. வாசல் வழி அதுக்குத் தெரியாது. தன்னால போவாது..." அம்மாக்கண்ணு குரலைத் தாழ்த்தினாள். "யாராவது சுமந்துகிட்டுப் போயிருந்தாத்தான்."

மடியில் குழந்தை பசித்து அழுதது. ஜோசப்பினுக்கு அதைத் தொடக் கை எழவில்லை.