திதிக்கு ஒரு ஓட்டப்பந்தயம்

ஏதென்சில் ஒலிம்பிக் நடந்த வருடம் அது. டிவியில் யாராவது ஓடினால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். முந்தின வருடம்தான் என் தம்பி, உப்பளம் மைதானத்தில் காலைப் பயிற்சியில் ஓடிக்கொண்டிருந்தவன், முடிவுக்கோட்டைத் தொடக் கொஞ்சம் இருக்கும்போது சரிந்து விழுந்தான். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். இருபது வயதுப் பிள்ளைக்கு இதயம் நிற்குமா? நின்றது.

அம்மா அழவே இல்லை. அவன் பேரையும் எடுக்கவில்லை. சோற்றை மட்டும் அவனுக்கும் சேர்த்து வடிப்பாள். "எப்படியாவது அழ வையுங்க, இல்லேன்னா இவங்களும் தங்க மாட்டாங்க" என்றார் டாக்டர். விடியற்காலையில் வாசலில் ஷூ தேய்கிற சத்தம் எனக்குக் கேட்கும். பிரமை என்று புரண்டு படுப்பேன். ஆனால் அதே நேரத்தில் அம்மா எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறப்பாள். எங்கள் வீட்டுக்குள் இருக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் ஊர்ச் சாரம் பகுதியில் ஒரு டியூஷன் சென்டரில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். அன்று பழைய கிரேக்கர்களின் ஒலிம்பிக் பாடம். அது வெறும் விளையாட்டில்லை, சாமிக்கு எடுத்த திருவிழா, நாம் பொங்கலுக்கு உறியடி வைக்கிறோமே அதுமாதிரி என்றேன். செத்துப்போன ஒரு வீரனின் சமாதியில்தான் அந்தப் போட்டியே தொடங்கியது என்று ஒரு கதை உண்டு. ஜெயித்தவனுக்குக் காசு பணம் கிடையாது, ஒலிவ இலையில் கட்டிய வளையம் ஒன்றைத் தலையில் வைப்பார்கள். சொல்லிக்கொண்டே வந்தவள் தம்பி நினைப்பில் புத்தகத்தை மூடிவைத்தேன். மீதிப் பாடத்தை அன்றைக்கு நடத்தவில்லை.

தம்பியின் வருஷத் திதிக்கு ஓட்டப்பந்தயம் வைக்கலாம் என்றேன். மாமா குதித்தார். "செத்த வீட்ல பந்தயமா? படிச்சுப் படிச்சு உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"கருமாதியில எள்ளும் தண்ணியும் விட்டீங்களே, அம்மா அழுதுச்சா?" என்று நானும் எகிறினேன்.

தம்பியின் கூட்டாளிகள் அத்தனை பேரும் மைதானத்துக்கு வந்தார்கள். மாமாவே அம்மாவைக் கூட்டிவந்தார். ஒலிவ இலைக்கு நான் எங்கே போவேன்? ஓரத்தில் வேப்பமரம்தான் நின்றது. ஒடித்து வளையமாகக் கட்டினேன். பொம்பளை கையில் வேப்பிலையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிரேக்கத்தில் கிடந்த என் மண்டைக்கு அது உறைக்கவில்லை.

ஓடினார்கள். எப்போதும் தம்பிக்கு அடுத்ததாக வருகிற பையன் ஜெயித்தான். அம்மா முன்னால் வந்து தலையைக் குனிந்தான். நான் நீட்டிய வளையத்தை அம்மா இரண்டு கையாலும் வாங்கினாள். கை நடுங்கியது. தோள் நடுங்கியது. கொண்டை அவிழ்ந்து விழுந்தது.

"ஐயோ, ஆத்தா வந்துட்டா! கற்பூரம் கொண்டாங்க!" என்று மாமா கத்தினார்.

வந்தது ஆத்தா இல்லை.

"அக்கா!" என்றாள் அம்மா. என்னைப் பெற்றவள் என்னை அக்கா என்றாள். குரல் அவளுடையது. இழுத்துக் கூப்பிட்ட விதம் அவனுடையது. "அக்கா, கோடு வரவே மாட்டேங்குதுக்கா. அன்னிலேர்ந்து ஓடிக்கினே இருக்கேன். மூச்சு வாங்குது. நிக்கட்டா?"

சாமி, பேய் எதையும் நம்புகிறவள் இல்லை நான். இருந்தும் அவன் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தேன். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். நில் என்று சொன்னால் அவன் நிஜமாகவே போய்விடுவான். சொல்லாவிட்டால் அம்மா போய்விடுவாள்.

"நில்லுடா கண்ணு. போதும்."

அம்மா மண்ணில் உட்கார்ந்து வயிற்றில் அடித்துக்கொண்டு, அவன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கு என் தம்பி அன்றைக்குத்தான் செத்தான்.