சகனில் ஒரு கோடு

பாரிஸ் புறநகரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் கான்டீனில் ஒருநாள், பக்கத்தில் இருந்த மார்த்தீனின் தட்டில் என் மீன் துண்டில் பாதியைப் பிய்த்து வைத்தேன். நம் ஊரில் யாரும் யோசிக்காமல் செய்கிற காரியம். அவள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, கெட்டுப்போயிருக்கிறதா, சமையற்காரரைக் கூப்பிடட்டுமா என்று அக்கறையாகக் கேட்டாள். இல்லை, நன்றாக இருப்பதால்தான் வைத்தேன் என்றேன். அவளுக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. இங்கே தட்டு என்பது காம்பவுண்டுச் சுவர் வைத்த வீடு மாதிரி. என் மகள் சனா பிறந்து வளர்ந்தது இந்தத் தட்டுகளுக்கு நடுவில்தான்.

அதனால், அவளுக்கு எட்டு வயதானபோது பள்ளி விடுமுறையும் நோன்புப் பெருநாளும் ஒன்றாக வாய்த்து, புதுச்சேரிக்குக் கிளம்பியதில் எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். முத்தியால்பேட்டையில் என் அக்கா ஷமீமா வீட்டில்தான் சொந்தமெல்லாம் கூடும். நாங்கள் காரைக்காலிலிருந்து வந்த குடும்பம். பெருநாள் சாப்பாடு சகனில்தான். ஒரு பெரிய வட்டத் தட்டு, அதைச் சுற்றி நான்கு பேர், எல்லோர் கையும் ஒரே சோற்றில். சனாவோ வந்த நாளிலிருந்து ஓர் எவர்சில்வர் தட்டைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொண்டு, அதில் யார் கையையும் விடவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "பெருநாளன்னிக்கு நம்ம சகன்ல ஒக்கார்றாளான்னு பாக்குறேன். வெளியாளாவே வந்துட்டு வெளியாளாவே போயிடப் போறா" என்றாள். என் பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளையா இல்லையா என்பது ஒரு சோற்றுத் தட்டில் முடிவாகப் போகிறது.

பெருநாளன்று கூடத்தில் ஆண்கள், உள்ளே பெண்கள், மாடிப்படி வரைக்கும் பாயும் சகனும். பிஸ்மில்லா சொல்லி அத்தனை கைகளும் பிரியாணியில் இறங்கியபோது, அவ்வளவு இரைச்சலாக இருந்த வீடு சட்டென்று அடங்கியது. இத்தனை வருடம் கழித்துப் பார்த்த எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. எங்கள் சகனில் நானும் சனாவும், அக்காவின் மருமகளும். விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்று, எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அக்கா கடைசியாக வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. சனா சோற்றில் விரலால் ஆழமாக ஒரு கோடு கிழித்தாள். "சே தா முவா" என்று, இது தன்னுடையது எனப் பிரெஞ்சில் சொல்லி, தன் பக்கத்தைக் காட்டினாள். மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அக்கா இருப்பதில் நல்ல கறியாகப் பார்த்துப் பிய்த்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டாள். சனா வேகவேகமாகத் தின்றுவிட்டு, "ஃபினி" என்று எழுந்துவிட்டாள்.

எங்கள் வீட்டுச் சகனில் வீட்டு ஆள் ஒருவர் எழுந்தால் எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும். அதை நான் பிள்ளைக்குச் சொல்லித்தர மறந்திருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டிருந்த அக்கா, முகம் சுளிக்காமல், கையை எடுத்துக்கொண்டாள். வெளியாள் யாரோ எழுந்து போயிருந்தால் அவள் சாப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருப்பாள். அவ்வளவு பசியிலும் என் மகளை அந்தச் சகனின் முழு ஆளாகக் கணக்கில் வைத்துவிட்டாள்.

ஏன் யாரும் சாப்பிடவில்லை என்று சனா கேட்டாள். "நீ எந்திரிச்சிட்டல்ல" என்றேன். அவள் அக்கா பக்கம் குவிந்திருந்த சோற்றைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்து, கோட்டின் மேலேயே கையை வைத்து, ஒவ்வொரு பருக்கையாக எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள்.

"மெதுவாவே தின்னுடி" என்றாள் அக்கா. "பெரிம்மாவுக்கு நல்ல பசி."

அடுத்த வருடம் நாங்கள் போக முடியவில்லை. பிரான்சில் பெருநாள் ஊருக்கு ஒரு நாள் முன்பே வந்து முடிந்துவிட்டது. மறுநாள் ஞாயிறு காலை அக்காவுக்குப் போன் செய்தேன். அங்கே மதியம், சகன் வைத்தாகிவிட்டது, உட்காரப் போகிறோம் என்று போனை வைத்துவிட்டாள். எதிரே சனா கிண்ணத்துப் பாலில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். கடைசித் துண்டு வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"பெரிம்மா எந்திரிச்சிட்டாங்களா?"

இன்னும் இல்லை என்றேன். அவள் கிண்ணத்திலிருந்து கையை எடுக்கவில்லை. நானும் காப்பியில் ஒரு வாய் மீதி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.